பிச்சிப்பூக் கட்டு

விமான நிலையத்தில் யாராவது "கையைத் தூக்குங்க" என்றால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். பெல்ட்டைக் கழற்று, செருப்பைக் கழற்று, தண்ணீரைக் கொட்டு, வளையலைத் தட்டில் போடு. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வரிசையில் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சொன்னதைச் செய்கிறார்கள். நான் முணுமுணுப்பேன். கூட வரும் மகளுக்கு அதில் மானமே போய்விடும். எல்லாரையும்தானே பார்க்கிறார்கள், நம் பாதுகாப்புக்குத்தானே, ரெண்டு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நில் என்பாள். அவள் சொல்வதில் பிழை எதுவும் இல்லை. எனக்கும் விமானம் பத்திரமாகப் போய் இறங்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் பெண்களைச் சோதிக்கிற அந்தத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போகும்போது என் கை தானாகச் சேலைத் தலைப்பை நெஞ்சோடு பிடித்துக்கொள்ளும். ஏன் என்று மகளிடம் சொன்னதில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருடம் அது. எங்கள் வீடு பாறசாலையைத் தாண்டி, எல்லைக்குக் கொஞ்சம் இப்பால், கேரளப் பக்கம். எங்கள் உறவில் பாதிப்பேர் தமிழ்நாட்டில், பாதிப்பேர் கேரளத்தில். நாங்கள் யாரும் இடம் மாறிப் போகவில்லை, எல்லைக் கோட்டைப் போட்டவர்கள்தான் நடுவில் போட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், சண்டை என்று வந்தால் இரண்டும். என் கணவர் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். கல்யாணமான மறுவருடம் நான் உண்டானேன். பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில் என்னையும் அங்கே கூட்டிக்கொள்வதென்று விசாவுக்கு ஏற்பாடு செய்திருந்தார்.

கர்க்கடக மாதத்து ஆடி மழையில், நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தான். ஆண் பிள்ளை. அப்பாவின் காது அவனுக்கு, மடல் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். எங்கள் பக்கத்தில் இருபத்தெட்டாம் நாள் பிள்ளைக்கு அரையில் கறுப்புக் கயிறு கட்டி, காதில் பெயர் சொல்வார்கள். அம்மா கயிறெல்லாம் வாங்கி வைத்துவிட்டாள். அந்த நாள் வரைக்கும் பிள்ளை இருக்கவில்லை. இரண்டு நாள் பால் குடிக்காமல் கிடந்தான், மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே என் மடியில் குளிர்ந்து போனான். பெயர் வைக்காத பிள்ளையை எங்களில் எரிப்பதில்லை. அண்ணன்தான் வீட்டுக்குப் பின்னால், மரச்சீனிக் கிழங்கு போட்ட விளைக்குப் பக்கத்தில் குழி வெட்டினான். அப்படிப்பட்ட சாவைப் போய் பஞ்சாயத்து ஆபீசில் எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் அதுவரை யாரும் எழுதி வைத்ததும் இல்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் பாறசாலை ஜங்ஷனில் இருந்த பூத்துக்குப் போய் மஸ்கட்டுக்கு போன் போட்டான். திரும்பி வந்து வெகுநேரம் கிணற்றடியில் நின்றான். பிறகு என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, என் கணவர் சொன்னதை அப்படியே சொன்னான்.

"எனக்கு அவ வாயால கேக்கணும். அவ வந்து சொல்லட்டு. அதுவரைக்கும் எனக்கு பிள்ளை உண்டு."

அவர் வேறு ஒன்றும் பேசவில்லையாம். போனை வைத்துவிட்டாராம்.

அதற்குப் பிறகு, பிள்ளை செத்துப்போனான் என்ற அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன். அம்மா பதில் சொல்லிவிட்டு அழுவாள். என் அறிவு கலங்கிவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அந்தச் சொல் அவருக்கானது. பார்த்திராத பிள்ளையை அவர் ஒரு தடவைதான் இழக்க முடியும், அது என் வாயால், என் மடியில் நடக்கட்டும் என்று இருந்தேன். அதற்குப் பிறகு இரண்டுபேரும் ஒன்றாக உட்கார்ந்து அழலாம். அந்த அழுகைக்காகத்தான் நான் மஸ்கட்டுக்குப் போக நினைத்தேனே தவிர, வேறு எந்த மஸ்கட்டும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

போவதற்குள் உடம்பு ஆறட்டும் என்றாள் அம்மா. ஆனால் விசா நமக்காகக் காத்திருக்காது. குறித்த நாளுக்குள் அந்த நாட்டில் போய் இறங்காவிட்டால் செல்லாது, மறுபடி முதலில் இருந்து அலைய வேண்டும். கடைசியில் கிடைத்த டிக்கெட்டும் கடைசி நாளுக்குத்தான்.

உடம்புக்குப் பிள்ளை இல்லை என்பது தெரியவில்லை. பால் கட்டி, கல் மாதிரி ஆகி, காய்ச்சல் அடித்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அம்மாவுக்கு மாத்திரையில் நம்பிக்கை கிடையாது. பால் வற்ற எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்வதைத்தான் செய்தாள். பிச்சிப்பூவை நெருக்கமாகக் கட்டி, சரம் சரமாக மார்பின் மேல் வைத்து, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிச் சுற்றிவிடுவாள். பூ வாடினால் புதுப்பூ. தலையில் பூ வைக்க மனசில்லாத நாட்களில் நெஞ்சு முழுக்கப் பூவாக இருந்தேன். அதற்குக் கீழே, பிரசவித்த வயிறு சரியாமல் இருக்க, இன்னொரு முழு வேட்டியைச் சுற்றிக் கட்டுகிற வயிற்றுக்கட்டு. பயணத்தில் அவிழக்கூடாது என்று அம்மா ஊக்கு மேல் ஊக்காகக் குத்தினாள். பிளவுஸுக்கு மேல் சேலையைச் சுற்றினால் என்னைப் பார்க்க ஒரு மூட்டை மாதிரி இருந்தது.

இதில் என்ன வரப்போகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வருடம் மே மாதத்தில் சென்னைக்குப் பக்கத்தில் நடந்த கொலை தெரியாதவர்கள் இல்லை. பூவோடு வந்த பெண், சேலைக்குள் இடுப்பில் வெடிகுண்டு கட்டியிருந்தாள், தமிழ் பேசினாள். பேப்பரில் எல்லாம் படித்திருந்தோம். எல்லையில் களியக்காவிளை செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி, தமிழ் பேசுகிறவர்களை இறக்கிவிட்டுக் கேள்வி கேட்ட நாட்கள் அவை. உதியன்குளங்கரையில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன், தமிழ்நாட்டுப் பக்கம் மார்த்தாண்டத்துக்கு டயர் வாங்கப் போய்விட்டு, பாதிநாள் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வந்தான். நாற்பது வருடமாக மாமா வீடு, சித்தி வீடு என்று நடந்துபோய் வந்த வழியில், நீ யார், எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். அம்மா மார்த்தாண்டத்துக்குக் கல்யாணத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். ஆனாலும் பூவையும் கட்டையும் நாங்கள் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. வெடிகுண்டு கட்டுகிறவள் வேறு எங்கோ இருக்கிறவள், இது பேற்று வீட்டுக் கட்டு. எங்களுக்கு அவ்வளவுதான் புத்தி.

ஒரு புத்தி மட்டும் அண்ணனுக்கு இருந்தது. விமான நிலையத்துக்கு வாடகைக் காரில் போகும்போது சொன்னான்.

"மலையாளத்திலயே பேசு மக்கா. தமிழு வாயில வரப்பிடாது, கேட்டியா?"

வரிசையில் நிற்கவும், போர்டு வாசிக்கவும், பெட்டியைக் கொடுக்கவும் சொல்லித் தந்தான். அவன் விமானத்தை வானத்தில் பார்த்ததோடு சரி. எங்கள் ஊரில் ஒருவர் கல்ஃபுக்குப் போனால் முன்பெல்லாம் ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வழியனுப்பப் போவார்கள். பாஸ் வாங்கிக்கொண்டு உள்ளேயே போய் நின்று, காப்பி குடித்து, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கை காட்டுவார்கள். அந்த வருடம் அதை நிறுத்திவிட்டிருந்தார்கள். அண்ணனை இரும்புத் தடுப்புக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பெட்டியை என் கையில் தந்தான். சாப்பிட ஏதாவது வாங்கட்டுமா என்றான், வேண்டாம் என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது.

உள்ளே எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மலையாளத்தில் கேட்டார்கள், மலையாளத்தில் சொன்னேன். கடைசியில் பெண்களைச் சோதிக்கிற திரைமறைவு. உள்ளே ஒரு மலையாளப் போலீஸ்காரி, என் வயதுதான் இருக்கும், கையில் ஒரு கறுப்புத் தடி. தடி என் நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததும் கீச்சிட்டது. வயிற்றில் கீச்சிட்டது. முதுகில் கீச்சிட்டது. எல்லாம் அம்மாவின் ஊக்கு. அவள் கையால் தடவிப் பார்த்தாள். நெஞ்சில் தடித்த கட்டு, வயிற்றில் தடித்த கட்டு. அவள் கை நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு அடி பின்னால் போனாள். என்னைப் பார்த்து ஒரு மனுஷி பயப்படுவதை அதற்கு முன் நான் கண்டதில்லை. எனக்கே என்மேல் பயம் வந்தது.

"இதெந்தா?"

வயிற்றைக் கட்டியிருக்கிறேன் என்று மலையாளத்தில் சொன்னேன். மேலே என்ன என்று கேட்டாள். நான் பேசவில்லை. மேலே என்ன என்றால் பூ. பூ எதற்கு என்றால் பால் வற்ற. பால் ஏன் வற்ற வேண்டும் என்றால், அதற்குப் பதில் ஒன்றுதான் உண்டு, அதை நான் மஸ்கட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். அவள் மறுபடி கேட்டாள். பூ என்று மட்டும் சொன்னேன். அந்த வருடம் அதைவிடக் கெட்ட பதில் வேறு இருந்திருக்க முடியாது. அவள் "பூவோ?" என்று உரக்கக் கேட்டதில், திரைக்கு வெளியே பூட்ஸ் சத்தம் வந்து நின்றது.

இன்னொரு போலீஸ்காரி உள்ளே வந்தாள். கழற்றச் சொன்னார்கள். ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் போட்டேன். வயிற்றுக்கட்டைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்கள், அது முடிவில்லாமல் வந்துகொண்டிருந்தது. அதுவரை பொறுத்துக்கொண்டேன். நெஞ்சுக்கட்டு பால் பட்டுக் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. இரண்டாவதாக வந்தவள் அதைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நோவுதே," என்று கத்திவிட்டேன். தமிழில்தான். வலிக்கிற இடத்தில் எனக்கு வேறு மொழி கிடையாது.

வெளியே நின்ற ஆபீசருக்கு அது கேட்டது. தமிழத்தியா என்று கேட்டார். என் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறந்த இடம் மார்த்தாண்டம், இருப்பது நெய்யாற்றின்கரை தாலுகா, பேசுவது மலையாளம், அலறுவது தமிழ். இது எப்படி என்றார். அம்மாவின் வீடு அந்தப் பக்கம், அப்பாவின் வீடு இந்தப் பக்கம், இரண்டுக்கும் நடுவில் நடக்கிற தூரம்தான் என்பதை, பிளவுஸைத் திறந்து போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, திரைக்கு இப்பால் நின்று எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் பாதிப்பேர் என்னைப் போலத்தான் என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

பூ தரையில் விழுந்து கிடந்தது. பழுப்பேறி, ஈரத்தில் நசுங்கி, பால் நாற்றத்தோடு. முதல் போலீஸ்காரி குனிந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். வெளியே எட்டிப் பார்த்து, சார், இது பால் வற்றக் கட்டுகிற பூ, அவள் பிரசவித்தவள் என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு நல்லது செய்யத்தான் சொன்னாள். ஆபீசரும் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிரசவித்தவள் என்றால் அடுத்த கேள்வி தானாக வரும்.

"குஞ்ஞெவிடெ?"

பிள்ளை எங்கே? டிக்கெட்டில் பிள்ளை இல்லை, பாஸ்போர்ட்டில் பிள்ளை இல்லை, பால் மட்டும் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் மறுபடி கேட்டார். ஒலிபெருக்கியில் மஸ்கட் பயணிகளைக் கூப்பிட்டார்கள். போலீஸ்காரி என் தோளைத் தொட்டு, சொல்லு, சொன்னால் விட்டுவிடுவார்கள், விமானம் போய்விடும் என்றாள். விமானம் போனால் விசா போச்சு. அங்கே ஒருவர் பிள்ளையோடு இருக்கிறார், நான் போய்ச் சேருகிறவரைக்கும் அவருக்குப் பிள்ளை உண்டு. சொல்லாவிட்டால் அவரிடம் போக முடியாது. சொன்னால், அவரிடம் கொண்டுபோக என்னிடம் ஒன்றும் இருக்காது.

சொன்னேன்.

"குஞ்ஞு மரிச்சு போயி, சார்."

எப்போது என்றார். சர்டிபிகேட் உண்டா என்றார். இல்லை என்றதும் அவருக்கு மேலே உள்ளவர் வந்தார். அவரும் முதலில் இருந்து கேட்டார். குஞ்ஞு மரிச்சு போயி, சார். பிறகு விமானக் கம்பெனி ஆள் வந்தார். அவருக்கும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எளிதாக வந்தது, அதுதான் கொடுமை. கடைசியில் வீட்டு விலாசம் சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னோடு வந்தவர் யார் என்று கேட்டு, தடுப்புக்கு வெளியே நின்ற அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அவன் முகம் தெரியவில்லை, திரைக்குக் கீழே மழைச்சேறு பட்ட கால் மட்டும் தெரிந்தது. தங்கையின் நெஞ்சில் கட்டியிருந்தது என்ன, எதற்கு என்று அவனிடம் கேட்டார்கள். எந்த அண்ணனிடமும் யாரும் கேட்கக்கூடாத கேள்வி. அவன் தட்டுத்தடுமாறி மலையாளத்தில் சொன்னான். பிள்ளை செத்ததற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். மலையாளத்திலேயே பேசு என்று எனக்குச் சொல்லிக் கூட்டிவந்தவன், தமிழில் பேசினான்.

"குழி வெட்டினது நானாக்கும் சாரே. நம்பிக்கை இல்லேங்கி வாருங்க. தோண்டிக் காட்டித் தாறேன்."

அவன் குரலை அப்படி நான் கேட்டதில்லை. கோபமில்லை, அழுகையும் இல்லை. நிஜமாகவே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்த் தோண்டத் தயாராக இருந்தான். வெளியே பாஸ்போர்ட்டை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த ஆபீசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, போகட்டும் என்றார்.

போலீஸ்காரி வயிற்றுக்கட்டைச் சுற்ற உதவினாள். ஊக்கு கிடையாது, ஊக்கைத் திருப்பித் தர மாட்டார்கள். நெஞ்சுக்கட்டையும் பூவையும் வாரிக் குப்பைக்கூடையில் போட்டாள். பிளவுஸின் கொக்கியை அவளே மாட்டிவிட்டாள். "ஒந்நும் தோந்நருதே," என்றாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்று அர்த்தம். அவளுக்கு வேறு என்ன சொல்ல முடியும்? நான் வெளியே வந்தபோது அண்ணனைக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அன்று அங்கே நடந்ததை, அம்மா சாகும்வரை அவன் அவளிடம் சொல்லவில்லை. என்னிடமும் பேசியதில்லை.

விமானத்தில், கட்டு இல்லாத மார்பில் பால் வந்துகொண்டே இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஆள் நல்ல மனிதர், கடைசிவரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

என் கணவர் வெளியே காத்திருந்தார். மெலிந்து, கழுத்தெலும்பு தெரிய நின்றார். சிநேகிதர் ஒருவரின் காரில் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. அறைக் கதவைச் சாத்தினார். என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் காதைப் பார்த்தேன். பிள்ளைக்கும் இதே காது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஊரில் இருந்தே நினைத்து வந்திருந்தேன்.

"இனி சொல்லு," என்றார்.

வாயைத் திறந்தேன். அவரிடம் நான் ஒருநாளும் மலையாளம் பேசியதில்லை.

"குஞ்ஞு மரிச்சு போயி, சார்."

அவர் கை என் கைமேல் அப்படியே நின்றது. அழுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அழவில்லை. என் நனைந்த சேலையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு முன்னால ஆரு மக்கா உன்கிட்ட இத கேட்டது?" என்றார்.